பாலத்தில் ஒன்பது சைக்கிள்

எங்கள் நகராட்சி அலுவலகத்தில் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்க்க மாட்டாள். கோடக்கா என்றால்தான் திரும்புவாள். என்னைவிட ஏழு வயது இளையவள். ஆனால் ஊருக்கே அக்கா என்றால் எனக்கும் அக்காதான், அதில் வயதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. தெருமுனையில் மடக்கு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, போகிற வருகிற வண்டிகளை எண்ணுவதுதான் அவள் வேலை. கையில் அட்டை, அட்டையில் படிவம். கார், பேருந்து, லாரி, மோட்டார் சைக்கிள், சைக்கிள், நடந்து போகிறவர் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டம். ஒன்று போனால் ஒரு கோடு. நான்கு கோடு நின்றதும் ஐந்தாவதைக் குறுக்கே இழுத்துக் கட்டிவிடுவாள். பதினேழு வருடமாக இதுதான் பிழைப்பு.

கேட்கிறவர்களுக்குச் சிரிப்பு வரும். வண்டியை எண்ண ஒரு ஆளா என்று என் மனைவியே கேட்டிருக்கிறாள். நான் அதே அலுவலகத்தில் வரைபடப் பிரிவில் இருக்கிறேன். சாலை, வடிகால், நடைபாதை, எதுவானாலும் முதலில் காகிதத்தில் ஓட்டிப் பார்ப்பது என் வேலை. கோடக்கா கொண்டுவரும் எண்ணிக்கை வராமல் என் பேனா ஒரு அங்குலம் நகராது. ஒரு தெருவில் விளக்குக் கம்பம் நிற்பதும் நிற்காததும் அவள் போடும் கோட்டைப் பொறுத்தது. இதை மனைவிக்கு விளக்கினேன். அவளுக்கு இன்னும் சிரிப்பு வந்தது.

எண்ணுகிற நாளில் கோடக்கா காலையில் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டாள், பாதியில் எழுந்துபோக நேரிடும் என்று. யாராவது வந்து பேசினால் வாய் பதில் சொல்லும், கண் சாலையை விட்டு அகலாது. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பது என்பார்களே, அதை நான் அவளிடம்தான் கண்டேன். சில வருடங்களுக்கு முன்னால் சந்தைத் தெருவில் கார் நிறுத்த மாடிக் கட்டடம் ஒன்று வேண்டும் என்று ஒரு மன்ற உறுப்பினர் அடம்பிடித்தார். கையில் ஒலிவாங்கி கிடைத்தால் இறக்கி வைக்க மாட்டார் என்பதால் அவருக்கு மைக் என்று பெயர். கட்டடத்துக்குத் தேவையான அளவு கார் அந்தத் தெருவில் ஓடவில்லை. மைக் இவளைத் தனியாகப் பார்த்து, நூறு கோடு சேர்த்துப் போட்டால் பென்சில் தேய்ந்தா போய்விடும் என்று கேட்டாராம். "பென்சில் தேயாது சார், நான் தேஞ்சு போயிருவேன்" என்றாளாம் இவள். கட்டடம் வரவில்லை. மைக் அதை மறக்கவும் இல்லை.

கோடக்கா குடியிருப்பது ஆற்றுக்கு அந்தப் பக்கம், ஆலைத் தொழிலாளர் குடியிருப்பில். வீட்டுக்காரர் தையல்காரர், முன்னறையில் மெஷினைப் போட்டுக்கொண்டு சட்டை தைக்கிறவர். அடுத்த வாசலில் தங்கை. தங்கை இந்தப் பக்கத்து மருத்துவமனையில் சலவைப் பிரிவில் வேலை செய்கிறாள். அக்கா, தங்கை இரண்டு பேருக்கும் சைக்கிள்தான் வாகனம். வீட்டுக்கும் வேலைக்கும் நடுவில் கிடப்பது அந்தப் பழைய பாலம். இருநூற்று நாற்பது மீட்டர் நீளம். அகலம் சொல்லிக்கொள்ளும்படி இல்லை. இரண்டு பெரிய வண்டிகள் எதிரெதிரே வந்தால் ஓரத்தில் ஒரு முழங்கை அளவு மிஞ்சும், அவ்வளவுதான்.

அந்த வருடம் நகராட்சிக்குத் திடீரென்று சைக்கிள் மேல் பாசம் பொங்கியது. மேலிடம் நிதி தருகிறேன் என்றால் பொங்காமல் என்ன செய்யும்? ரயில் நிலையத்திலிருந்து சந்தை, மருத்துவமனை வழியாக ஆற்றைத் தாண்டிக் குடியிருப்பு வரை சைக்கிளுக்கென்று தனிப்பாதை. வழியில் எட்டு இடங்களில் பொதுச் சைக்கிள் நிலையம். ஓரிடத்தில் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய் இன்னோரிடத்தில் விட்டுவிடலாம், சொந்தமாக வைத்திருக்கத் தேவையில்லை. திட்டம் நல்ல திட்டம், குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு நிபந்தனை இருந்தது. காலை ஏழிலிருந்து பத்து மணிக்குள் நூற்றைம்பது சைக்கிளாவது போகிற இடத்தில்தான் தனிப்பாதை போடலாம். பதினான்கு இடங்களில் கோடக்கா நாற்காலி போட்டாள். பதின்மூன்று இடங்களில் எண்ணிக்கை தேறியது. பாலத்தில் ஒன்பது வந்தது.

ஒன்பதுக்குப் பாதை கிடையாது. பாதை இல்லாத இடத்துக்கு அப்பால் நிலையமும் கிடையாது. எட்டு ஆறாகக் குறைந்தது. நான் பச்சை மையால் பாதையை இழுத்துக்கொண்டு வந்து ஆற்றங்கரையில் நிறுத்தினேன். படத்தை நடைக்கூடத்தில் பொதுமக்கள் பார்வைக்கு மாட்டினோம். மூன்று வாரம் தொங்கியது. பிறப்புச் சான்றிதழுக்குக் காத்திருந்தவர்கள் அதில் முதுகைச் சாய்த்து இளைப்பாறினார்கள். கருத்து ஒன்றும் வரவில்லை. வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு மன்றத்தில் ஒப்புதல், அன்று மாலையே திட்டம் மேலே போகவேண்டும். இதை விட்டால் அடுத்த நிதி ஆறு வருடம் கழித்துத்தான்.

புதன்கிழமை மத்தியானம் கோடக்காவின் தங்கை வீட்டுச் சாவியைக் கொடுக்க வந்தாள். வந்தவள் படத்தின் முன்னால் நின்றுவிட்டாள். எங்கள் அறை வாசலுக்கு நேரேதான் படம்.

"என்னக்கா இது, இந்தப் பச்சைக் கோடு ஆத்துல இறங்கி நீந்தப் போகுதா?"

பாலத்தில் மூன்று மணி நேரத்துக்கு ஒன்பது சைக்கிள்தான் போகிறது, அதனால் அங்கே பாதை இல்லை என்று நான்தான் சொன்னேன். அவள் வாய்விட்டுச் சிரித்தாள். "ஒம்போதா? எங்க ரெண்டு வீட்டுல இருந்தே ரெண்டு போகுது. எவன் கண்ணை மூடிக்கிட்டு எண்ணினான்?"

"நான்தான்" என்றாள் கோடக்கா.

தங்கையின் சிரிப்பு அப்படியே நின்றது. சாவியை மேஜையில் வைத்துவிட்டு, சலவைக்கு நேரமாகிறது என்று போய்விட்டாள். கோடக்கா அலமாரியைத் திறந்து பாலத்துப் படிவத்தை எடுத்தாள். சைக்கிள், ஒன்பது. நடந்து போகிறவர், அறுநூற்றுப் பதினொன்று. படிவத்தின் பின்பக்கம் மேலிடத்திலிருந்து வந்த எண்ணும் விதிகள் அச்சடித்திருக்கும். ஏழாவது விதியின் மேல் அவள் விரல் நின்றது. சைக்கிளில் ஏறி மிதிப்பவரே சைக்கிள்காரர், தள்ளிக்கொண்டு செல்பவர் பாதசாரி. மற்ற பதின்மூன்று இடங்களில் இந்த விதியால் பாதகம் இல்லை. அங்கெல்லாம் சைக்கிளைத் தள்ளுகிறவன் டயர் பஞ்சரானவன் மட்டும்தான். பாலத்திலோ ஏறி மிதிக்க யாருக்கும் துணிச்சல் கிடையாது. எல்லோரும் இந்தக் கரையில் இறங்கி, அந்தக் கரை வரை தள்ளி, பிறகு ஏறுகிறார்கள். அவளும் தினம் அப்படித்தான் வருகிறாள். எண்ணிய அன்றும் ஆறரை மணிக்குச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு பாலத்தைக் கடந்து வந்துதான் நாற்காலியை விரித்திருக்கிறாள்.

நான் தலையைக் குனிந்து எதையோ அழித்துக்கொண்டிருந்தேன். உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். பாலத்தின் அகலத்தை அளக்க நானே டேப்பைத் தூக்கிக்கொண்டு போயிருந்தேன். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தவர்களிடம், டேப்பை மிதிக்காமல் போங்கள் என்று எரிந்தும் விழுந்தேன். பிறகு அலுவலகத்துக்கு வந்து, ஒன்பது என்ற எண்ணைப் பார்த்து, வாயை மூடிக்கொண்டு கோட்டை நிறுத்தினேன். எண்ணுவது என் வேலை இல்லை என்று நினைத்துக்கொண்டேன்.

வியாழக்கிழமை காலை கோடக்கா பொறியாளர் அறைக்குப் போனாள். என்னையும் வரச் சொன்னாள். பொறியாளர் கெட்டவர் இல்லை. குரலை உயர்த்தாதவர். அவள் சொன்னதை முழுக்கக் கேட்டார், படிவத்தைத் திருப்பி ஏழாவது விதியைப் படித்தார், கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"நீங்க சொல்றது சரிதாம்மா. ஆனா விதி தப்புன்னு நான் எழுதினா பதினாலு இடமும் தப்புன்னு ஆயிரும். மொத்தத் திட்டமும் திரும்பி வந்துரும். பாலமும் இல்ல, பாதையும் இல்ல."

வேறு வழியே இல்லையா என்று கேட்டாள். அவர் இழுப்பறையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்து மேஜையில் வைத்தார். எண்ணியவர் பிழை அறிக்கை. எண்ணியவரே, நான் இந்த இடத்தில் தவறாக எண்ணிவிட்டேன் என்று ஒப்புக்கொண்டால் அந்த ஓர் இடத்தை மட்டும் மறுபடி எண்ணித் திருத்தலாம், மற்றவை அப்படியே நிற்கும். மேலே போவது சைக்கிள் மொத்தம் மட்டும்தான், யார் மிதித்தார் யார் தள்ளினார் என்று கேட்க ஆளில்லை. அடியில் சின்ன எழுத்தில் ஒரு வரி இருந்தது. பிழை ஒப்புக்கொண்டவர் இனிக் களக் கணக்கெடுப்பில் அமர்த்தப்படமாட்டார்.

"நான் தப்பா எண்ணலை சார்."

"தெரியும்."

"பதினேழு வருஷத்துல ஒரு கோடு தப்பினதில்ல."

"அதுவும் தெரியும்மா."

நாளைக் காலையில் மறு எண்ணிக்கையை எடுத்துவிடுங்கள், வேறு பிரிவு ஆள் ஒருவர் கூட உட்கார்ந்து தனியாக எண்ணவேண்டும், மூன்று மணிக்குள் மனது மாறினால் இரண்டு தாளையும் கிழித்துப் போட்டுவிடலாம் என்றார். வேறு பிரிவு ஆள் என்றபோது இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள்.

வெளியே வந்ததும் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. யார் மேல் என்று கேட்காதீர்கள். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பது இதுதான், நீ கையெழுத்துப் போடாதே, அந்தத் தாளை அவர் மூஞ்சியிலேயே விட்டெறி என்று கத்தினேன். அவள் படிவத்தை நான்காக மடித்துக் கைப்பையில் வைத்தாள். நாற்காலியும் சாலையும் இல்லாமல் அவள் எங்கே உட்காருவாள், என்ன செய்வாள் என்று எனக்கு நினைத்தே பார்க்க முடியவில்லை.

வீட்டிலும் இதே பேச்சுத்தான் நடந்திருக்கிறது. மறுநாள் அவளே சொன்னாள். தையல்காரர் மெஷினை நிறுத்திவிட்டு, செய்யாத தப்புக்கு எதற்குக் கையெழுத்து, வேலியில் போகிற ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொள்ளாதே என்றாராம். தங்கை அதற்கு மேல். இத்தனை வருடம் தள்ளிக்கொண்டு போனவர்கள் இன்னும் ஆறு வருடம் தள்ளினால் தேய்ந்து போக மாட்டோம், என்னை நினைத்து உன் பேரைக் கெடுத்துக்கொள்ளாதே என்று அக்காவோடு சண்டையே போட்டாளாம். ஒருத்தராவது கையெழுத்துப் போடு என்று சொல்லியிருந்தால் அவள் போட்டிருக்க மாட்டாள் என்றுதான் நினைக்கிறேன். பிடித்த முயலுக்கு மூன்று கால் என்று நிற்கிறவள்.

வெள்ளிக்கிழமை ஆறே முக்காலுக்கு நான் பாலத்துக்குப் போனபோது அவள் இரண்டு நாற்காலிகளை விரித்து வைத்திருந்தாள். புதுப் படிவத்தில் தன் கையாலேயே ஒரு கட்டம் கூடுதலாகப் போட்டிருந்தாள், சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகிறவர் என்று. என் படிவத்திலும் போட்டுக் கொடுத்தாள். பேச வேண்டாம், ஒருவர் அட்டையை ஒருவர் பார்க்க வேண்டாம், பத்து மணிக்கு ஒப்பிட்டுக்கொள்வோம் என்றாள். கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி இருந்தவள், ஏழு என்றதும் பென்சிலைத் தூக்கினாள்.

பதினேழு வருடமாக அவள் கொண்டுவரும் எண்களை வைத்துப் பிழைத்த நான், எண்ணுவது எத்தனை கஷ்டம் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். அரை மணி நேரத்தில் கண் எரிந்தது. இரண்டாவது விளக்குக் கம்பத்தருகே கைப்பிடிச் சுவர் தொடங்குகிறது. சொல்லி வைத்தாற்போல் எல்லோரும் அங்கேயே இறங்கினார்கள். பள்ளிக்கூட டீச்சர், வெல்டர், மருத்துவமனைக் காவலாளி, ஆலையில் வேலை முடிந்து பாதித் தூக்கத்தில் திரும்புகிறவர்கள். இறங்கி, சைக்கிளைச் சுவர்ப் பக்கமாக மாற்றிக்கொண்டு, தாங்கள் வண்டிகள் ஓடும் பக்கமாகத் தள்ளிக்கொண்டு நடந்தார்கள். சைக்கிளுக்கு அடி படக்கூடாதாம்.

எட்டே கால் இருக்கும். அந்தக் கரையிலிருந்து தங்கை வந்தாள், மற்றவர்களைப் போலவே இறங்கி, தள்ளிக்கொண்டு. அவள் பாதிப் பாலத்தில் இருக்கும்போது பின்னால் கம்பி ஏற்றிய லாரி ஒன்று ஏறியது. எதிரே எங்கள் பக்கத்திலிருந்து பேருந்து. இரண்டில் ஒன்று நிற்கும் என்று நினைத்தேன், இரண்டும் நிற்கவில்லை. தங்கை திரும்பிப் பார்த்தாள். அடுத்த நொடி சைக்கிளின் முன்சக்கரத்தைத் தூக்கிச் சுவர்மேல் சாத்தி, அதன்மேல் தானும் சாய்ந்து, வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு நின்றாள். லாரிக்குப் பின்னால் நீட்டிக்கொண்டிருந்த கம்பிகள் அவள் முதுகைத் தாண்டிப் போயின. தோள்பையை ஒரு கம்பி தொட்டு, பை ஒரு சுற்றுச் சுற்றி நின்றது. அவ்வளவு நெருக்கம்.

நான் எழுந்து நின்றுவிட்டேன். பென்சில் எங்கோ உருண்டுவிட்டது. கோடக்கா எழுந்திருக்கவில்லை. அவள் கை மட்டும் அட்டையின் மேல் அந்தரத்தில் நின்றது. லாரி போனது, பேருந்து போனது. இரண்டுக்கும் கோடு போட்டாள். தங்கை சைக்கிளைக் கீழே இறக்கி, மறுபடி தள்ளிக்கொண்டு எங்கள் முன்னால் வந்தபோது அவளுக்கும் ஒரு கோடு போட்டாள். தங்கையின் முகத்தில் ரத்தமே இல்லை. ஆனாலும் நிற்காமல், "ஒழுங்கா எண்ணுக்கா" என்று சொல்லிவிட்டு ஏறி மிதித்துப் போய்விட்டாள். கோடக்காவின் பென்சில் முனை உடைந்திருந்தது. அடுத்த பென்சிலை எடுத்துக்கொண்டாள்.

பத்து மணிக்கு ஒப்பிட்டோம். ஏறி மிதித்தவர்கள் ஏழு பேர். தள்ளிக்கொண்டு போனவர்கள் அவள் கணக்கில் முந்நூற்று முப்பத்தெட்டு, என் கணக்கில் முந்நூற்று முப்பத்தைந்து. அந்த மூன்று பேர் நான் எழுந்து நின்றபோது தப்பியவர்கள் என்று அவளே சொன்னாள், அந்த நேரத்தில் யார் யார் போனார்கள் என்றும் சொன்னாள். நான் அவள் எண்ணையே எழுதிக்கொண்டேன்.

கைப்பையிலிருந்து பிழை அறிக்கையை எடுத்து முழங்காலில் வைத்து மடிப்பை நீவினாள். வேண்டாம் கோடக்கா என்றேன். செய்யாத தப்பைச் செய்ததாக எழுதுவது பொய், நீ பொய் எழுதுகிறவள் இல்லை என்றேன்.

"நேத்து ராத்திரி வரைக்கும் நானும் அப்படித்தான் நினைச்சேன்ணே" என்றாள். "போன மாசம் எண்ணினப்பவும் தங்கச்சி இப்படித்தான் போனா. இதே இடத்துல உக்காந்து நான் பார்த்தேன். பார்த்துட்டு, நடந்து போறவங்க கட்டத்துல கோடு போட்டேன்."

"விதி அப்படித்தானேம்மா சொல்லுது."

"விதி எழுதினவங்க பாலத்தைப் பார்க்கலைண்ணே. நான் பார்த்தேன்."

கையெழுத்துப் போட்டாள். நான் உடன் எண்ணியவன் என்ற இடத்தில் போட்டேன்.

மூன்று மணிக்கு மன்றக் கூட்டம். உறுப்பினர்கள் இருபத்தொரு பேர் நீள மேஜையைச் சுற்றி. அலுவலர்கள் நாங்கள் சுவரோரம் வரிசையாக நாற்காலியில். தலைவி கண்டிப்பானவர், வளவளப்பை ரசிக்க மாட்டார். ஏழாவது பொருள் சைக்கிள் திட்டம். பொறியாளர் எழுந்து, பாலத்தின் எண்ணிக்கையில் எண்ணியவர் பிழை கண்டறியப்பட்டு மறு எண்ணிக்கை எடுக்கப்பட்டது, முந்நூற்று நாற்பத்தைந்து வருகிறது, ஆகவே பாலத்தின் ஓரத்தில் இரும்புத் தாங்கி பொருத்தித் தனிப்பாதையும் அக்கரையில் இரண்டு நிலையங்களும் சேர்க்கப்படவேண்டும் என்று வாசித்தார். வாசித்து முடிக்கும் முன்பே மைக் ஒலிவாங்கியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

ஒன்பது எங்கே, முந்நூற்று நாற்பத்தைந்து எங்கே என்றார். ஆனைக்கும் அடி சறுக்கும், ஆனால் இப்படியா சறுக்கும் என்றார். சபை சிரித்தது. இந்த அம்மாள் எண்ணித்தான் சந்தைத் தெருக் கட்டடம் போயிற்று, அன்றைக்கும் சறுக்கியிருந்தால்? மற்ற பதின்மூன்று இடங்களிலும் சறுக்கியிருந்தால்? மொத்தத்தையும் நிறுத்தி வையுங்கள், வெளி ஆளை வைத்து முதலிலிருந்து எண்ணுங்கள் என்றார். இரண்டு மூன்று தலைகள் ஆடின. மொத்தமும் நின்றால் மாலைக்குள் எதுவும் மேலே போகாது. அவள் கையெழுத்தும் வீண், பாலமும் வீண்.

தலைவி சுவரோரம் பார்த்தார். படம் போட்ட பிரிவு பாலத்தை நேரில் பார்க்கவில்லையா, அங்கே சைக்கிள் போவது தெரியவில்லையா என்று கேட்டார். நான் எழுந்தேன். பார்த்தேன், எனக்கும் தெரியும், தெரிந்தும் கோட்டை நிறுத்தினேன் என்று சொல்ல வேண்டிய இடம் அது. அப்படிச் சொல்லியிருந்தால் பழியில் பாதி என் பக்கம் வந்திருக்கும்.

"எங்களுக்கு வந்த எண்ணிக்கையை வச்சுத்தான் வரைஞ்சோம் மேடம்" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டேன்.

கோடக்கா என் பக்கம் திரும்பவில்லை. தலைவி அவளைக் கூப்பிட்டார். எழுந்து மேஜை வரை போனாள். ஒலிவாங்கியை மைக் தரவில்லை, இவளும் கேட்கவில்லை. அவள் குரலைக் கேட்க எல்லோரும் அமைதியாக வேண்டியதாயிற்று.

"மத்த பதிமூணு இடத்துலயும் பார்த்ததை எழுதினேன். பாலத்துல பார்த்ததை எழுதலை."

ஏன் எழுதவில்லை என்று மைக் கேட்டார். பொறியாளர் மேஜையில் இருந்த தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏழாவது விதி என்று இரண்டு வார்த்தை சொன்னால் போதும், அவள் பெயர் துடைத்து வைத்தாற்போல் வெளியே வந்துவிடும். அதே இரண்டு வார்த்தையில் திட்டம் கவிழ்ந்துவிடும். சுவர்க் கடிகாரத்தில் மூன்று ஐம்பது.

"தினம் நானும் அதுல சைக்கிளைத் தள்ளிக்கிட்டுத்தான் வர்றேன். பழகிப்போச்சு. அது சைக்கிளாவே எனக்குத் தெரியலை" என்றாள். "தப்பு என்னுதுதான்."

மைக் மறுபடி வாயைத் திறக்கும் முன், பாலத்தைச் சைக்கிளில் கடந்தவர்கள் இந்த மன்றத்தில் எத்தனை பேர் என்று தலைவி கேட்டார். ஒரு கையும் எழவில்லை. மறு எண்ணிக்கை ஏற்கப்பட்டது, அடுத்த பொருள் என்றார். நான் ஓடிப்போய்ப் பச்சைக் கோட்டை ஆற்றைத் தாண்டி இழுத்தேன். ஐந்து மணிக்குப் படம் போனது.

திங்கட்கிழமையே கோடக்காவைப் பழைய கோப்பு அறைக்கு மாற்றினார்கள். ஜன்னல் இல்லாத அறை. சாலையில் போகிற வண்டியின் சத்தம்கூட அங்கே கேட்காது. பாலத்துப் பாதை முடிய இரண்டு வருடம் ஆனது. தங்கை இப்போது ஒருநாளும் இறங்குவதில்லையாம், நடுப்பாலத்தில் மணியடித்துக்கொண்டு போகிறாளாம். கோடக்கா இதைச் சொல்லும்போது சிரித்தாள். எண்ணிக்கை எடுக்க இப்போது வேறொருத்தி வருகிறாள், அரை மணிக்கு ஒரு முறை போனைப் பார்க்கிறாள். நான் ஒன்றும் சொல்வதில்லை, எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?

போன மாதம் எனக்குப் பதவி உயர்வு வந்தது. உத்தரவில், முப்பது வருடப் பணியில் ஒரு பிழைக் குறிப்பும் இல்லாதவர் என்று எழுதியிருந்தார்கள். முதலில் வந்து கையைப் பிடித்து வாழ்த்தியது கோடக்காதான். அந்த வரியைப் படித்துக் காட்டச் சொன்னாள். கண்ணாடி கொண்டுவரவில்லை என்று பொய் சொன்னேன். அவள் தாளை வாங்கி, எல்லோருக்கும் கேட்கும்படி தானே படித்தாள்.